கல்முனைக் கடற்கரையிலிருந்து ரூமி வரை: சூஃபிப் பாட்டு வாழ்க்கையைப் பற்றி என்ன சொல்கிறது?

[காட்சி: கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளிவாசல். அஸருக்குப் பிந்திய வெயில். மினாராவில் கொடி காற்றில் அடிக்கிறது.]

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம்.

பேஸ்புக்கைத் திறந்தால் ஒரு ரூமி வசனமாவது கண்ணில் படும். பின்னால் சூரியன் மறைகிற படம், மேலே இரண்டு வரி, கீழே அவர் பெயர். காதல் முறிந்தவருக்கு ஒன்று, வேலை கிடைக்காதவருக்கு ஒன்று. அவற்றில் பல ரூமி எழுதியவையே அல்ல. எழுதியவையாக இருந்தாலும், முன்னும் பின்னும் வெட்டி, அல்லாஹ்வின் பெயரையும் எடுத்துவிட்டுத்தான் நம் கைக்கு வருகின்றன.

இந்த வீடியோவில் நான் சொல்ல வருவது ஒன்றுதான். வாழ்க்கைக்கு என்ன அர்த்தம் என்று கேட்டுக்கொண்டு சூஃபிக் கவிதைக்கு, அதாவது இஸ்லாமிய ஞானிகளின் பாட்டுக்குப் போகிறவருக்கு அங்கே ஒரு பதில் வசனம் கிடைக்காது. ஒரு பயிற்சி கிடைக்கும். கூட்டமாக இருந்து, வாய்விட்டுப் பாடி, திரும்பத் திரும்பச் சொல்லி, 'நான் நான்' என்று உள்ளே துள்ளுகிற ஒன்றை அடக்குகிற பயிற்சி. அதைத் தேடி மட்டக்களப்பு, அம்பாறை ஆட்கள் வெகுதூரம் போகத் தேவையில்லை. நம் மொழியில், நம் பள்ளிவாசல் முற்றத்தில் அது இருக்கிறது.

சரி, முதலில் ரூமியையே எடுப்போம்.

[காட்சி: வரைபடம். பல்கிலிருந்து கொன்யா வரை ஒரு கோடு நீள்கிறது.]

மௌலானா ஜலாலுத்தீன் ரூமி 1207இல் பல்க் பகுதியில் பிறந்தார். இன்றைய ஆப்கானிஸ்தான் பக்கம். சிறுவனாக இருக்கும்போதே குடும்பம் ஊரைவிட்டுப் புறப்பட்டது. அவர்கள் போன கொஞ்ச நாளில் மங்கோலியப் படை அந்தப் பக்கத்து நகரங்களைத் தரைமட்டமாக்கியது. பக்தாத், மக்கா, டமஸ்கஸ் என்று சுற்றி, கடைசியில் இன்றைய துருக்கியில் இருக்கிற கொன்யாவில் குடியேறினார்கள். 1243இல் அந்த நாடும் மங்கோலியரிடம் தோற்றது. 1258இல் பக்தாத் விழுந்தது. ஐந்நூறு வருடக் கிலாபத்தின் தலைநகரம் அழிந்த சேதியைக் கேட்ட தலைமுறை அது. அந்தக் காலத்திலேதான் ரூமி 25,000க்கும் மேற்பட்ட ஈரடிகள் கொண்ட மஸ்னவி என்ற நெடுங்கவிதையைச் சொல்லச் சொல்ல, சீடர் ஹுஸாமுத்தீன் எழுதிக்கொண்டார்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சூஃபிக் கவிதை என்றால் வயிறு நிறைந்த ஆட்கள் மல்லாந்து கிடந்து யோசித்தது என்று ஓர் எண்ணம் பலருக்கு உண்டு. ரூமியின் காலம் அகதிகளின் காலம். நம்முடைய கரைக்கும் அது தெரியும். 1990இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்கள் கொல்லப்பட்டார்கள். அதே வருடம் சத்துருக்கொண்டானில் தமிழ்க் குடும்பங்கள் கொல்லப்பட்டன. 2004 டிசம்பர் 26இல் கடல் ஏறியபோது அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோர் போனார்கள். இலங்கையிலேயே கூடுதலாக இழந்த மாவட்டம் இது. இந்தக் கரையில் ஒருவர் 'ஏன் வாழ்கிறோம்' என்று கேட்டால், பொழுது போகாமல் கேட்கிறார் என்று யாரும் சொல்ல முடியாது.

[காட்சி: ஆற்றோர நாணல். ஒரு கை ஒரு தண்டை வெட்டுகிறது.]

மஸ்னவி தொடங்குவதே ஒரு முறைப்பாட்டோடுதான். நாணற்காட்டிலிருந்து வெட்டி எடுக்கப்பட்ட ஒரு தண்டு, புல்லாங்குழலாகி அழுகிறது. 'என்னை வெட்டிய நாளிலிருந்து என் அழுகையைக் கேட்டு ஆணும் பெண்ணும் அழுகிறார்கள். பிரிவால் கிழிந்த ஒரு நெஞ்சு வேண்டும், அதனிடம் மட்டும்தான் என் ஏக்கத்தைச் சொல்ல முடியும். தன் வேரைவிட்டுத் தூரமானவர் எவரும் சேர்ந்திருந்த காலத்தையே தேடுவார்.' இப்படிப் போகிறது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று சொல்கிறது: குழலில் வருவது நெருப்பு; அதைக் காற்று என்று நினைக்காதே.

அதாவது, எல்லாம் கிடைத்த பிறகும் மனதில் ஏதோ ஒன்று குறைகிறதே, வீடு கட்டியாகிவிட்டது, பிள்ளைகள் படித்துவிட்டார்கள், ஆனாலும் ராத்திரியில் நெஞ்சு வெறுமையாக இருக்கிறதே என்று நாம் பயப்படுகிறோம் அல்லவா? ரூமி அதை நோய் என்று எடுப்பதில்லை. நீ வந்த இடம் வேறு என்று உன் உயிருக்கு நினைவிருக்கிறது, அதனால்தான் வலிக்கிறது என்கிறார். கட்டாரிலும் சவூதியிலும் வேலை செய்கிற நம் தம்பிமாரிடம் கேட்டுப் பாருங்கள். அறையில் ஏசி இருக்கும், சம்பளம் வரும், ஊர் நினைப்பு விடாது. அந்த நினைப்பு போய்விட்டால்தான் கவலைப்பட வேண்டும். சூஃபிகள் ஏக்கத்தை வளர்க்கச் சொல்வது இதனால்தான். அதை மருந்து போட்டு ஆற்றப் பார்ப்பவர், வழிகாட்டியையே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்.

ரூமி சொன்ன கதைகளில் எனக்கு மிகப் பிடித்தது மூஸா நபியும் இடையனும். மஸ்னவியின் இரண்டாம் பாகத்தில் வருகிறது. வழியில் ஓர் இடையன் அல்லாஹ்வோடு கதைத்துக்கொண்டிருக்கிறான். 'நீ எங்கே இருக்கிறாய்? வா, உன் செருப்பைத் தைத்துத் தருகிறேன், தலை வாரிவிடுகிறேன், பேன் எடுக்கிறேன், பால் கொண்டுவருகிறேன், காலைப் பிடித்துவிடுகிறேன், நீ படுக்கிற இடத்தைக் கூட்டிவிடுகிறேன்.' மூஸா நபி கேட்டு அதிர்ந்துபோகிறார். யாரிடம் இப்படிக் கதைக்கிறாய், வாயில் பஞ்சை வைத்து அடை என்று ஏசுகிறார். இடையன் சட்டையைக் கிழித்துக்கொண்டு, பெருமூச்சோடு பாலைவனத்துக்குள் போய்விடுகிறான். உடனே இறைவனிடமிருந்து வஹீ வருகிறது: 'என் அடியானை என்னிடமிருந்து பிரித்துவிட்டாயே. நீ சேர்த்துவைக்க வந்தாயா, பிரித்துவைக்க வந்தாயா?'

மூஸா நபி அவனைத் தேடி ஓடுகிறார். கண்டுபிடித்து, உன் மனம் சொல்கிறபடியே கதை என்கிறார். இங்கேதான் கதை திரும்புகிறது. நான் இப்போது அதையும் தாண்டிவிட்டேன் என்கிறான் இடையன். ஏச்சு அவனை உடைத்தது, உடைந்த இடத்தாலேயே அவன் மேலே ஏறினான். பலர் இந்தக் கடைசிப் பகுதியைச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். அன்பிருந்தால் போதும், அறிவு வேண்டாம் என்று முடித்துவிடுவார்கள். ரூமி அப்படி முடிக்கவில்லை. அவர் மத்ரசாவில் சட்டம் படிப்பித்தவர்.

[காட்சி: பழைய தமிழ் அச்சுப் புத்தகம் ஒன்றின் தாள்கள் புரள்கின்றன.]

இனி நம்முடைய ஆட்கள்.

குணங்குடி மஸ்தான் சாகிபு. தொண்டிக்குப் பக்கத்தில் குணங்குடியில் பிறந்தவர், இயற்பெயர் சுல்தான் அப்துல் காதிர். கீழக்கரையில் ஓதினார். மாமன் மகளைப் பேசி வைத்திருந்தார்கள், அதை விட்டுவிட்டுத் துறவுக்குப் போனார். கடைசியில் சென்னையில் தங்கி, 1838இல் மறைந்தார். பராபரக்கண்ணி, மனோன்மணிக்கண்ணி, ரகுமான் கண்ணி, நிராமயக்கண்ணி, ஆனந்தக் களிப்பு என்று பாடிக் குவித்திருக்கிறார். கண்ணி என்பது இரண்டே அடி. ஒவ்வொரு கண்ணியின் முடிவிலும் ஒரே விளி வரும்: பராபரமே, பராபரமே, பராபரமே. பாடிப் பார்த்தால்தான் இதன் வேலை விளங்கும். முதலில் வார்த்தைகள் காதில் விழும். கொஞ்ச நேரத்தில் வார்த்தைகள் பின்னுக்குப் போய், அந்த விளி மட்டும் நெஞ்சில் தட்டும். பாடுகிறவர் எதையோ விளக்குவதை நிறுத்திவிட்டு, யாரையோ கூப்பிடத் தொடங்கியிருப்பார்.

பராபரக்கண்ணி என்றதும் சைவப் பிள்ளைகளுக்குத் தாயுமானவர் நினைவு வரும். 'எல்லாரும் இன்புற்று இருக்க நினைப்பதுவே அல்லாமல் வேறொன்று அறியேன் பராபரமே.' அதே வடிவம், அதே விளி. மனோன்மணி சைவ மரபில் சக்தியின் பெயர். மஸ்தான் சாகிபு அந்தப் பெயரை எடுத்து, இறைவனைக் காதலியாக வைத்துப் பாடினார். அகத்தியர் மேல் சதகம் பாடினார், முஹியித்தீன் ஆண்டகை மேலும் சதகம் பாடினார். அவரைக் கொண்டாடியவர்களில் இந்துக்களும் இருந்தார்கள். திருத்தணிகை சரவணப்பெருமாள் ஐயர் அவர்மேல் நான்மணிமாலை பாடியிருக்கிறார். இதையெல்லாம் நல்லிணக்கக் கூட்டத்தில் மேடை போட்டுச் சொல்கிற விஷயமாக அவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள். ஒரே மொழியில் மூச்சு விடுகிறவர்கள் ஒருவர் பாட்டை மற்றவர் எடுத்துப் பாடினார்கள், அவ்வளவுதான்.

அவருக்கு முன்னால் தக்கலை பீர் முஹம்மது அப்பா. 17ஆம் நூற்றாண்டு. தென்காசியில் பிறந்தவர், நெசவு செய்து வாழ்ந்தார் என்பது வழக்கு. மருதமுனைத் தறிக்காரர்கள் இதைக் கேட்டுச் சந்தோஷப்படலாம். அவருடைய ஞானப்புகழ்ச்சியைத் தக்கலையில் வருடத்தில் ஓர் இரவு முழுக்க ஊரே இருந்து பாடுகிறது, இன்றைக்கும். முந்நூறு வருடத்துக்கு மேற்பட்ட ஒரு தமிழ்க் கவிதையை விடிய விடிய வாயால் சுமந்து போகிற ஊர் உலகத்தில் எத்தனை இருக்கும்? பெண்களும் இந்த வழியில் பாடியிருக்கிறார்கள். கீழக்கரை செய்யிது ஆசியா உம்மா ஒருவர்.

இன்னொரு செய்தி. அந்தப் பேஸ்புக் ரூமி வரிகளில் பல, கோல்மன் பார்க்ஸ் என்கிற அமெரிக்கக் கவிஞரின் ஆங்கில ஆக்கங்களிலிருந்து வருபவை. அவருக்குப் பாரசீகம் தெரியாது, வேறு மொழிபெயர்ப்புகளை வைத்துத் திருத்தி எழுதினார். அவர் தன் குருவாகச் சொன்னவர் பாவா முஹையத்தீன். யாழ்ப்பாணத்தில் ஆசிரமம் வைத்திருந்தவர், 1971இல் பிலடெல்பியாவுக்குப் போனார், 1986இல் அங்கேயே மறைந்தார். பாவா தமிழில்தான் பேசுவார், பக்கத்தில் இருப்பவர்கள் ஆங்கிலத்தில் சொல்வார்கள். ஆகவே உலகம் முழுக்கப் பரவிய அந்த ஆங்கில ரூமிக்குப் பின்னால், இலங்கையிலிருந்து போன ஒரு தமிழ்க் குரல் உட்கார்ந்திருக்கிறது. நாம் அதை ஆங்கிலத்திலிருந்து திரும்பத் தமிழாக்கிப் பகிர்ந்துகொண்டிருக்கிறோம்.

[காட்சி: இரவு. பாய் விரித்த மண்டபம். வட்டமாக ஆட்கள். நடுவில் சாம்பிராணிப் புகை.]

இப்போது ஒரு ராத்திபை, அதாவது கூட்டமாக இருந்து இறைவன் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்வதை, பக்கத்தில் இருந்து பார்ப்போம். வியாழன் மஃரிபுக்குப் பிறகு, அதாவது வெள்ளி இரவு. தைக்காவில், அதாவது சூஃபிகள் கூடுகிற மண்டபத்தில், பாய் விரித்திருக்கும். கடை பூட்டிவிட்டு வந்தவர், வயலிலிருந்து வந்தவர், பள்ளிக்கூட மாஸ்டர், எல்லாரும் முழங்கால் முட்ட வட்டமாக இருப்பார்கள். பாத்திஹா ஓதி, ஸலவாத்துச் சொல்லி, பிறகு 'லா இலாஹ இல்லல்லாஹ்' தொடங்கும். 'லா இலாஹ' என்று தலை வலப்பக்கம் போகும், 'இல்லல்லாஹ்' என்று இடப்பக்கம் இறங்கி நெஞ்சில் விழும். முதலில் ஆறுதலாக. ஆளுக்கு ஆள் குரல் முன்னே பின்னே இருக்கும். வெட்கப்படுகிறவர் வாய்க்குள் சொல்வார். கொஞ்ச நேரத்தில் வேகம் கூடும், எல்லா மூச்சும் ஒரே மூச்சாகும். யாருடைய குரல் எது என்று பிரிக்க முடியாது. நல்ல குரல் உள்ளவருக்கும் கரகரத்த குரல் உள்ளவருக்கும் அங்கே ஒரே இடம்.

கவனித்தீர்களா, முதலில் வருவது 'இல்லை'. பிறகுதான் 'அல்லாஹ்வைத் தவிர'. முதலில் மறுத்தல், பிறகு நிலைநிறுத்தல் என்று தரீக்காக்கள், அதாவது சூஃபி வழிகள், சொல்லிக்கொடுப்பது இதைத்தான். நான் பெரியவன், என் பட்டம், என் காணி, என் கோபம், எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் இல்லை இல்லை என்று தலையை ஆட்டிப் பழகுகிறீர்கள். ஒரு முறை சொன்னால் நப்ஸ், அதாவது உள்ளே 'நான்' என்று துள்ளுகிற அது, கேட்காது, அதனால்தான் நூறாகச் சொல்கிறார்கள். குர்ஆன் நப்ஸைப் பற்றி மூன்று விதமாகச் சொல்கிறது: தீமைக்குத் தூண்டுவது, தன்னையே கண்டிப்பது, அமைதியடைந்தது. தூண்டுகிற நப்ஸை அமைதியடைந்த நப்ஸ் வரைக்கும் கொண்டுபோகிற பாதையைத்தான் சூஃபிகள் வாழ்க்கை என்றார்கள்.

இமாம் கஸ்ஸாலி பக்தாதின் மிகப் பெரிய மத்ரசாவில் தலைமைப் பேராசிரியர். 1095இல் பாடம் நடத்தப் போனவருக்கு நாக்கு எழவில்லை. சாப்பாடும் இறங்கவில்லை. சூஃபிகளின் நூல்களை எல்லாம் அவர் முன்னமே படித்துவிட்டார். ஆரோக்கியம் என்றால் என்ன என்று வரைவிலக்கணம் தெரிவது வேறு, ஆரோக்கியமாக இருப்பது வேறு என்று பிற்காலத்தில் எழுதினார். பதவியை விட்டு வெளியேறினார். நம் ஊரில் ஓதத் தெரியாத ஒரு தறிக்காரர் ராத்திபில் இருந்து எழும்பும்போது அவரிடம் இருப்பது, கஸ்ஸாலி எல்லாவற்றையும் விட்டுத் தேடிப் போன அதே பொருள் என்று நான் நம்புகிறேன்.

[காட்சி: கடற்கரைப் பள்ளிவாசல் கொடியேற்றம். சனம்.]

நாகூர் ஷாஹுல் ஹமீது ஆண்டகையின் பெயரில் இங்கே கொடி ஏறும். 12 நாள். ஊருக்குள்ளிருந்து கொடி ஊர்வலமாக வரும், சந்தனம் பூசுவார்கள், மினாராவில் ஏற்றுவார்கள். பாவாமார், அதாவது பக்கீர்மார், தாயிரா என்ற கைப்பறையைத் தட்டி பைத் என்ற புகழ்ப்பாட்டுகளைப் பாடுவார்கள். கடைசியில் கந்தூரிச் சோறு. பிள்ளைக்கு நேர்ந்துகொண்ட தாய்மார் முஸ்லிம் பக்கமும் இருப்பார்கள், தமிழ்ப் பக்கமும் இருப்பார்கள்.

இதெல்லாம் மார்க்கத்தில் இல்லை என்று சொல்கிற நம் சகோதரர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பயம் எனக்கு விளங்குகிறது. வணக்கம் அல்லாஹ்வுக்கு மட்டும்தான் என்பதை எந்தப் பெரிய சூஃபியும் மறுக்கவில்லை. சூஃபிகளுக்குள்ளேயே வாதம் நடந்திருக்கிறது. 1240இல் டமஸ்கஸில் மறைந்த இப்னு அரபியின் கருத்துகளைச் சுற்றி எழுந்த 'வஹ்ததுல் வுஜூத்', அதாவது உண்மையான இருப்பு ஒன்றே என்ற கொள்கையை, நக்ஷபந்தி என்ற தரீக்காவின் ஷெய்கான அஹ்மத் ஸிர்ஹிந்தி 17ஆம் நூற்றாண்டில் வன்மையாக எதிர்த்து எழுதினார். பேனாவால் எதிர்த்தார். நம்மிடம் அது அப்படி முடியவில்லை. காத்தான்குடியில் 2004இலும் 2006இலும் இதே கொள்கையைச் சுற்றிய பகை தெருவுக்கு வந்தது. வீடுகள் சேதமாகின, குடும்பங்கள் ஊரைவிட்டுப் போகவேண்டி வந்தது. அல்லாஹ் எப்படி ஒருவன் என்று வாதாடப் போய், பக்கத்து வீட்டு ஆளின் கூரையில் கை வைத்தோம். இதை நான் வலியோடுதான் சொல்கிறேன். எந்தப் பக்கத்தில் நின்றாலும், அந்த நாட்களில் வென்றது தூண்டுகிற நப்ஸ்தான்.

பஸ்ராவின் ராபிஆ அம்மையாரைப் பற்றி ஒரு கதை உண்டு. 8ஆம் நூற்றாண்டு. ஒரு கையில் தீப்பந்தம், மறு கையில் தண்ணீர் வாளியோடு தெருவில் ஓடுகிறார். எங்கே என்று கேட்டால், சொர்க்கத்தைக் கொளுத்தவும் நரகத்தை அணைக்கவும் போகிறேன், அதற்குப் பிறகாவது ஜனங்கள் அல்லாஹ்வை அல்லாஹ்வுக்காக வணங்கட்டும் என்கிறார். கூலிக்காகவும் பயத்துக்காகவும் செய்கிறதை விட்டுவிட்டால் நம் நாளில் மிஞ்சுவது என்ன? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு ஒரே ஒரு நாளை ஓட்டிப் பாருங்கள். கடையில் இருக்கும்போது, உம்மாவுக்கு மருந்து எடுத்துக் கொடுக்கும்போது, பேஸ்புக்கில் ஒருவருக்குப் பதில் எழுதும்போது.

[காட்சி: கல்லடி உப்போடை. சிவானந்த வித்தியாலய வளவில் விபுலாநந்த அடிகளின் சமாதி.]

சாய்ந்தமருதிலிருந்து தெற்கே போனால் அடுத்த ஊர் காரைதீவு. அங்கே 1892இல் பிறந்தவர் சுவாமி விபுலாநந்தர். 1947இல் மறைந்தார். சமாதியில் அவருடைய பாட்டே பொறித்திருக்கிறது.

'வெள்ளைநிற மல்லிகையோ வேறெந்த மாமலரோ
வள்ளல் அடியிணைக்கு வாய்த்த மலரெதுவோ'

என்று கேட்டுவிட்டு, அவரே பதிலும் சொல்கிறார்:

'உள்ளக் கமலமடி உத்தமனார் வேண்டுவது.'

ராபிஆ அம்மையார் தெருவில் ஓடிச் சொன்னதும் இதே உள்ளத்தைப் பற்றித்தான். மஸ்தான் சாகிபு சித்தர் மொழியில் பாடினார், அடிகள் பிள்ளைகளுக்கும் விளங்குகிற தமிழில் பாடினார். சாய்ந்தமருதுப் பிள்ளையும் காரைதீவுப் பிள்ளையும் பாடப் புத்தகத்தில் அடிகளைப் படிக்கிறார்கள். மஸ்தான் சாகிபையும் அதே போல இரண்டு ஊரும் படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு: மஸ்தான் சாகிபின் ரகுமான் கண்ணியை எடுங்கள். மனதுக்குள் வாசிக்க வேண்டாம், சத்தமாகச் சொல்லுங்கள். பத்துக் கண்ணி போதும். விளங்காத சொல்லில் நிற்காமல் போங்கள், ஓசை கொண்டுபோகும். அப்புறம் ஊரில் ராத்திபு நடக்கிற இடம் இருந்தால் ஒரு தடவை போய் ஓரமாக இருங்கள். தமிழ்ப் பிள்ளைகளும் கேட்டுவிட்டுப் போகலாம், யாரும் எழும்பச் சொல்ல மாட்டார்கள்.

இன்னொரு வேலையும் இருக்கிறது, அது அவசரமானது. நம் மூத்தம்மாமாருக்கும் அம்மம்மாமாருக்கும் வாய்ப்பாடமாகத் தெரிந்த பைத்துகள், மாலைகள், தாலாட்டுகள், கவிகள் இன்னும் எழுத்தில் வராமல் இருக்கின்றன. போனை எடுத்துப் பக்கத்தில் வைத்து, அவர்களைப் பாடச் சொல்லுங்கள். காற்றாடியை நிறுத்திவிட்டுப் பதியுங்கள், இல்லாவிட்டால் இரைச்சல்தான் கேட்கும். யாரிடம் கற்றார்கள், எந்த ஊர், எந்த நாளில் பாடுவார்கள் என்பதையும் அவர்கள் குரலிலேயே கேட்டுப் பதிந்துகொள்ளுங்கள். நடுவில் மறந்துவிட்டால் திருத்தாதீர்கள், விட்டுவிடுங்கள். இன்னொரு வீட்டு மூத்தம்மாவுக்கு அந்த வரி தெரிந்திருக்கும்.